சியாட்டிலில் ஒரு நாள்: வெளிச்சத்தைக் கணக்கிட்டுக் கண்ணாடியைக் காண்பதற்கான வழிகாட்டி

சியாட்டில் நகருக்கு ஒரே ஒரு நாளை ஒதுக்கி வருபவர்களில் பலர் ஸ்பேஸ் நீடில் கோபுரத்தை மனத்தில் வைத்தே அந்த நாளைத் திட்டமிடுகிறார்கள். அந்தக் கோபுரத்தின் காலடியிலேயே, டேல் சிஹூலி என்னும் கலைஞரின் கண்ணாடிப் படைப்புகளைக் கொண்டு இருக்கும் சிஹூலி கண்ணாடிக் கலைக்கூடத்தை, இறங்கி வந்த பிறகு நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஊரிலிருந்து வந்திருந்த பெற்றோரை முதன்முறை அழைத்துச் சென்றபோது நானும் அப்படித்தான் செய்தேன். உச்சிவெயிலில் கோபுரத்தில் ஏறி இறங்கி, களைத்த கால்களோடு கலைக்கூடத்தை அரைமணி நேரத்தில் கடந்து வெளியே வந்துவிட்டோம். அடுத்த முறை வரிசையை மாற்றி, கலைக்கூடத்திற்குப் பிற்பகலின் பெரும்பகுதியையும் கோபுரத்திற்கு மாலையையும் கொடுத்தபோதுதான், முதல்முறை எவ்வளவு பார்க்காமல் வந்திருக்கிறோம் என்பது புரிந்தது. கண்ணாடி தன்மேல் விழும் வெளிச்சத்திற்கேற்ப மாறும் பொருள். ஆகவே இந்த நாளைத் திட்டமிடும்போது கடிகாரத்தைவிடச் சூரியனையே முதலில் கணக்கில் கொள்ள வேண்டும்.

முதல் வேலையாக, நீங்கள் செல்லும் நாளில் சூரியன் எத்தனை மணிக்கு மறையும் என்று பாருங்கள். சியாட்டில் வடக்கே வெகுதொலைவில் இருப்பதால் இந்த நேரம் பருவத்திற்குப் பருவம் பெரிதும் வேறுபடும். ஜூன் மாதக் கடைசியில் இரவு 9 மணிக்குப் பிறகுதான் சூரியன் மறையும். டிசம்பரிலோ மாலை 4.20 மணிக்கே மறைந்துவிடும். கோபுரத்தின் நுழைவுச் சீட்டை, சூரியன் மறைவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாக மேலே போகும்படி முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். எல்லோரும் விரும்பும் நேரம் அதுவே என்பதால் அந்தச் சீட்டுகள் விரைவில் தீர்ந்துவிடும். கோபுரத்தையும் கலைக்கூடத்தையும் சேர்த்துப் பார்ப்பதற்கு ஒரே கூட்டுச் சீட்டு உண்டு. தனித்தனியாக வாங்குவதைவிட அது சிக்கனமானது. கோபுரச் சீட்டின் நேரம் உறுதியான பிறகு, அதற்கு மூன்று மணி நேரம் முன்பாகக் கலைக்கூடத்திற்குள் நுழையும்படி வைத்துக்கொள்ளுங்கள். கலைக்கூடம் அன்று எப்போது மூடப்படும் என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். மூடும் நேரம் நாளுக்கு நாள் மாறக்கூடும், தனியார் நிகழ்ச்சிகளுக்காகச் சில மாலைகளில் முன்னதாகவே மூடிவிடுவதும் உண்டு.

மழையை எண்ணி நாளைத் தள்ளிப்போட வேண்டாம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் பெரும்பாலும் வறண்டே இருக்கும். மற்ற மாதங்களில் மழை பெய்தாலும் அது நம் ஊர் ஐப்பசி மழையைப் போலக் கொட்டுவதில்லை, தூறலாகவே நின்று பெய்யும். மேகம் தாழ்ந்திருக்கும் நாளில் கோபுரத்தின் உச்சியிலிருந்து வெண்மையைத் தவிர ஒன்றும் தெரியாமல் போகலாம் என்பது உண்மைதான். ஆனால் கலைக்கூடத்தின் பெரும்பகுதி கூரைக்குக் கீழேதான் இருக்கிறது. தோட்டத்தில் மழைநீர் சொட்டும் கண்ணாடித் தண்டுகளை வெயில் நாளில் காண முடியாது என்பதால், நனைந்த நாளுக்கும் அதற்குரிய பலன் உண்டு. கோடையிலும் ஒரு மெல்லிய குளிராடை கையில் இருக்கட்டும், ஏனெனில் கோபுரத்தின் மேல்தளத்தில் மாலைக்காற்று நன்றாகவே குளிரும்.

விமான நிலையத்திலிருந்து நேராக வருபவர்கள் லிங்க் ரயிலில் ஏறினால் சுமார் 40 நிமிடங்களில் நகரின் நடுவே இருக்கும் வெஸ்ட்லேக் நிலையத்தை அடைந்துவிடலாம். பெல்வியூ, ரெட்மண்ட் பகுதிகளில் நம்மவர்கள் பலர் வசிக்கிறார்கள். அங்கிருந்து வருபவர்களும் காரைத் தவிர்த்துப் பொதுப் போக்குவரத்தில் வருவதே நல்லது. கோபுரமும் கலைக்கூடமும் இருக்கும் சியாட்டில் சென்டர் வளாகத்தின் உள்ளேயே பெரிய விளையாட்டரங்கு இருப்பதால், அங்கே போட்டியோ கச்சேரியோ இருக்கும் நாளில் வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும்.

காலைப் பொழுதைப் பைக் பிளேஸ் மார்க்கெட்டுக்குக் கொடுங்கள். கடைகள் திறந்து முடிவதற்குள், அதாவது 9 மணிவாக்கில், அங்கே இருப்பது நல்லது. 11 மணிக்கு மேல் கூட்டத்தில் நகர முடியாது. இந்தச் சந்தை பிறந்த கதையில் வெங்காயத்திற்கு ஒரு பங்கு உண்டு. இடைத்தரகர்களால் காய்கறி விலை, குறிப்பாக வெங்காய விலை, தாங்க முடியாத அளவுக்கு ஏறியபோது, விவசாயிகள் தாங்களே கொண்டுவந்து மக்களிடம் நேரடியாக விற்கும்படி 1907 ஆகஸ்ட் 17 அன்று இந்த இடம் திறந்துவிடப்பட்டது. இன்றும் கோடையில் மஞ்சளும் சிவப்பும் கலந்த ரெய்னியர் செர்ரியை வாங்கி, கழுவி, நடந்துகொண்டே உண்ணலாம். பூங்கொத்துக் கடைகள் பலவற்றை லாவோஸ் நாட்டிலிருந்து குடியேறிய ஹ்மாங் விவசாயக் குடும்பங்கள் நடத்துகின்றன. அங்கே அடுக்கிவைத்திருக்கும் டாலியாப் பூக்களைச் சற்று நின்று பாருங்கள், அவற்றின் இதழ் விளிம்புகளைப் பிற்பகலில் கண்ணாடியில் மறுபடியும் காண்பீர்கள்.

மீன் வாடை ஒவ்வாத பெரியவர்கள் உடன் இருந்தால், ரேச்சல் என்னும் வெண்கலப் பன்றி உண்டியல் நிற்கும் முதன்மை வாயிலைத் தவிர்த்து வடக்கு முனையிலிருந்து நுழையலாம். கடைக்காரர்கள் முழு மீனை ஒருவருக்கொருவர் வீசிப் பிடிக்கும் புகழ்பெற்ற கடை அந்த வாயிலை ஒட்டியே இருக்கிறது. சந்தை செங்குத்தான சரிவில் பல அடுக்குகளாகக் கட்டப்பட்டிருப்பதால், முழங்கால் வலி உள்ளவர்களை மேல் அடுக்கிலேயே நிறுத்திக்கொள்வது நல்லது. 1912 எண்ணுள்ள கட்டடத்தில் இருக்கும் ஸ்டார்பக்ஸ் கடைக்கு முன்னால் எப்போதும் நீண்ட வரிசை நிற்கும். அந்த நிறுவனம் 1971இல் தொடங்கியது வேறொரு கட்டடத்தில்தான். இங்கே வந்தது 1976இல். வரிசையில் முக்கால் மணி நேரம் நிற்பதற்குப் பதிலாக அந்த நேரத்தைக் கடலைப் பார்த்தபடி ஓர் இருக்கையில் கழிப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

சந்தையின் வடக்கே ஒட்டியிருக்கும் சிறு பூங்காவிற்கு விக்டர் ஸ்டைன்புரூக்கின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பேஸ் நீடிலுக்கு இடை சிறுத்த அந்த வடிவத்தை வகுத்துத் தந்த கட்டடக் கலைஞர் இவரே. பிற்காலத்தில் இந்தப் பழைய சந்தையை இடித்துவிட்டுப் புதிய கட்டடங்கள் எழுப்பத் திட்டமிட்டபோது, அதற்கு எதிராக மக்களைத் திரட்டியவரும் இவரே. 1971இல் நகர மக்கள் வாக்களித்துச் சந்தையைக் காப்பாற்றினார்கள். நகரத்தின் மிகப் புதுமையான சின்னத்திலும் மிகப் பழமையான சின்னத்திலும் ஒரே மனிதரின் கை பட்டிருப்பதை அறிந்துகொண்டு பார்த்தால், காலையில் காண்பதும் மாலையில் காண்பதும் ஒரே கதையாகச் சேர்ந்துவிடும்.

வெஸ்ட்லேக்கிலிருந்து சியாட்டில் சென்டருக்கு மோனோரயிலில் செல்லுங்கள். 1962 உலகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட அதே வண்டிகள்தான் இன்றும் ஓடுகின்றன. பயணம் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர், இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும். முன்வரிசையில் இடம் கிடைத்தால், கடைசி வளைவில் வண்டி ஃபிராங்க் கெரி வடிவமைத்த பாப் பண்பாட்டு அருங்காட்சியகத்தின் நெளிந்த உலோகச் சுவர்களுக்கு நடுவே புகுந்து செல்வதைக் காணலாம். மதிய உணவுக்கு வளாகத்தின் நடுவில் இருக்கும் ஆர்மரி கட்டடத்தில் பலவகைக் கடைகள் உள்ளன. சாப்பிட்ட பின் நீரூற்றைச் சுற்றியுள்ள புல்வெளியில் ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். இந்த ஓய்வைத் தவிர்த்தால் பிற்பகல் முழுவதும் கெட்டுவிடும். பெற்றோரும் குழந்தைகளும் உடன் வந்தால் இது கட்டாயம்.

கலைக்கூடத்திற்குள் நுழையும் முன் அந்தக் கலைஞரைப் பற்றியும் கண்ணாடி ஊதும் முறையைப் பற்றியும் ஓரளவு தெரிந்துகொண்டால் பார்வை கூர்மையாகும். டேல் சிஹூலி 1941இல் அருகிலுள்ள டகோமா நகரில் பிறந்தவர். 1968இல் வெனிஸை அடுத்த முரானோ தீவின் வெனினி பட்டறைக்குச் சென்று, அங்கே கண்ணாடிக் கலைஞர்கள் குழுவாக வேலை செய்யும் முறையைக் கண்டார். 1971இல் சியாட்டிலுக்கு வடக்கே பில்சக் கண்ணாடிப் பள்ளியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1976இல் இங்கிலாந்தில் நேர்ந்த கார் விபத்தில் இடக்கண் பார்வையை இழந்தார். சில ஆண்டுகளில் தோளிலும் அடிபட்டதால் ஊதுகுழலைக் கைவிட்டு, ஓவியமாக வரைந்து காட்டியும் சொல்லியும் குழுவை வழிநடத்தத் தொடங்கினார். இங்கே நீங்கள் காண்பவை பலரின் மூச்சிலும் கையிலும் உருவானவை. அவற்றை ஒரு தனிமனிதரின் கைவேலையாக எண்ணிப் பார்த்தால் அளவும் எண்ணிக்கையும் புரியாது.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏறக்குறைய 1,100 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள உலையில் கண்ணாடிக் குழம்பு தேன்போல் இளகியிருக்கும். நீண்ட இரும்புக் குழலின் நுனியில் அதைச் சுருட்டி எடுத்து, வண்ணக் கண்ணாடித் தூளிலோ துண்டுகளிலோ புரட்டி, ஊதி, மறுபடியும் சூடேற்றி, மறுபடியும் ஊதுவார்கள். குழலைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் குழம்பு ஒரு பக்கமாகத் தொய்ந்துவிடும். முடிந்த பொருளை 480 டிகிரி அளவில் சூடாக இருக்கும் மற்றோர் அடுப்பில் வைத்து மெல்ல மெல்ல ஆறவிடுவார்கள், இல்லையென்றால் உள்ளிருக்கும் இறுக்கத்தால் வெடித்துவிடும். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கண்ணாடிக் குழம்பைக் குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி மணிகளாக்கிக் கடல் கடந்து அனுப்பிய கைவினைஞர்களின் நினைவு எனக்கு இந்த இடத்தில் தவறாமல் வரும். உருகிய நிலையில் கிடைக்கும் சில நொடிகளுக்குள் கை முடிவெடுக்க வேண்டும் என்பது அன்றும் இன்றும் ஒன்றுதான்.

2012 மே மாதம் திறக்கப்பட்ட இந்தக் கலைக்கூடத்தில் உட்பகுதி எட்டு அறைகளாகப் பிரிந்துள்ளது. எல்லா அறைகளுக்கும் ஒரே அளவு நேரம் கொடுக்க வேண்டியதில்லை. வடமேற்கு அறையில் கட்டாயம் நில்லுங்கள். இப்பகுதிப் பழங்குடி மக்கள் பின்னிய கூடைகள், போர்வைகள், எட்வர்ட் கர்ட்டிஸ் எடுத்த பழைய ஒளிப்படங்கள் ஆகியவற்றின் அருகே கண்ணாடிக் கூடைகள் வைக்கப்பட்டிருக்கும். 1977இல் டகோமா அருங்காட்சியகத்தில், அடுக்கிவைத்த பாரத்தால் தொய்ந்து நெளிந்துபோன பழங்குடிக் கூடைகளைக் கண்ட சிஹூலி, கண்ணாடியும் அவ்வாறே தன் எடையால் தொய்ந்து வடிவம் கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். வட்டம் பிசகாத சீர்மையே கண்ணாடி வேலையின் பெருமை என்றிருந்த காலத்தில் அது துணிச்சலான முடிவு. இந்த ஓர் அறையை நன்றாகப் புரிந்துகொண்டால் மற்ற அறைகளின் நெளிவுகள் தாமே விளங்கும்.

பாரசீகக் கூரை என்னும் அறையில் நடக்காமல் நின்றுவிடுங்கள். தலைக்கு மேலே தட்டையான கண்ணாடித் தளத்தின்மீது நூற்றுக்கணக்கான வண்ணத் தட்டுகளும் மலர்வடிவங்களும் குவிக்கப்பட்டு, அவற்றுக்கும் மேலிருந்து விளக்கொளி பாய்கிறது. எல்லோரும் அண்ணாந்து படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் சுவரையும் உடன் வந்தவர்களின் உடையையும் பாருங்கள். என் அம்மாவின் வெளிர்நிறச் சேலையில் ஆரஞ்சும் நீலமும் படிந்து ஓடியதைக் கண்ட பிறகுதான் அந்த அறை எதற்காகக் கட்டப்பட்டது என்பது எனக்கு விளங்கியது. வெளிர்நிற உடை அணிந்து செல்வது இந்த ஒரே காரணத்திற்காகவும் தகும்.

ஆயிரம் மலர்கள் என்று பொருள்படும் மில்லே ஃபியோரி அறை, சிஹூலியின் தாயார் வயோலா டகோமாவில் வளர்த்த தோட்டத்தின் நினைவிலிருந்து பிறந்தது. படகு அறையில் இரண்டு பழைய மரப்படகுகள் நிறையக் கண்ணாடி உருண்டைகளும் நீண்ட தண்டுகளும் கிடக்கும். 1995இல் ஃபின்லாந்தின் நூட்டாயார்வி ஊரில் அவர் கண்ணாடிப் பொருள்களை ஆற்றில் எறிந்து மிதக்கவிட்டபோது, அவற்றைச் சேகரிக்க ஊர்ச் சிறுவர்கள் மரப்படகுகளில் வந்தார்கள். அந்தக் காட்சியே இதற்கு வித்து. கறுப்புத் தரையில் அவற்றின் பிம்பம் தண்ணீரில் தெரிவதுபோலத் தெரிய, சற்றுக் குனிந்து பார்க்க வேண்டும். மக்கியா என்னும் பெருங்கிண்ணங்களில் உள்ளே ஒரு நிறமும் வெளியே ஒரு நிறமும் ஒன்றோடொன்று கலங்காமல் நிற்பதைக் கவனியுங்கள். இரண்டுக்கும் நடுவே மேகம்போல் ஒரு வெண்கண்ணாடிப் படலம் வைத்ததே அதன் சூட்சுமம். சரவிளக்குகளின் கூடம் அழகானதே, ஆனால் நேரம் குறைவாக இருந்தால் விரைந்து கடக்கக்கூடிய இடமும் அதுவே.

படமெடுக்கும்போது ஃபிளாஷைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். கண்ணாடியின் முன்முகத்தில் பட்டுத் திரும்பும் அந்த வெளிச்சம், உள்ளிருந்து வரும் நிறத்தைக் கொன்றுவிடும். குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்வதும், முதுகுப் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்வதும் நல்லது.

அறைகளைக் கடந்ததும் கண்ணாடி மாளிகை வரும். உயரம் 40 அடி. உள்ளே கூரையை ஒட்டிச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், தேன்நிறப் பூக்கள் 100 அடி நீளத்திற்குத் தொங்குகின்றன. சிஹூலி மிகவும் விரும்பிய பாரிஸ் நகரத்து செயிண்ட் சாப்பேல் ஆலயமும் லண்டனில் இருந்த கிரிஸ்டல் பேலஸும் இந்த மாளிகைக்குத் தூண்டுதலாக அமைந்தவை. தரையின் ஓரமாக நின்று மேலே பார்த்தால், அந்தப் பூக்களின் இடைவெளியில் ஸ்பேஸ் நீடில் வானளாவ நிற்பது தெரியும். இங்கே சாய்வெயில் விழும் நேரத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே பிற்பகல் வருகையை வலியுறுத்தினேன். உச்சிவெயிலில் இதழ்கள் வெளிறித் தோன்றும். சூரியன் சாய்ந்த பிறகு ஒவ்வோர் இதழின் விளிம்பும் தனித்தனியாகக் கனன்று தெரியும்.

தோட்டத்தில் செடிகளும் கண்ணாடியும் கலந்தே நிற்கின்றன. மரக்கட்டைகளில் நட்டிருக்கும் வெளிர் ஊதாத் தண்டுகளைத் தேடிப் பாருங்கள். அவற்றில் நியோடிமியம் என்னும் தனிமம் கலந்திருப்பதால், எந்த விளக்கின் கீழ் இருக்கின்றன என்பதைப் பொறுத்து நிறம் மாறும். பகலொளியில் ஊதாவாகத் தெரியும் நியோடிமியக் கண்ணாடி, குழல்விளக்கின் ஒளியில் நீலம் கலந்த சாம்பல் நிறமாகத் தெரியும். தோட்டத்தை ஒருமுறை சுற்றிவிட்டு, விளக்குகள் ஏற்றப்படும் வரை காத்திருந்து மறுபடியும் சுற்ற முடிந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. குளிர்காலத்தில் செல்பவர்களுக்கு இது எளிது: 3 மணிக்கு நுழைந்தால் பகல், அந்தி, இரவு மூன்றையும் ஒரே சீட்டில் பார்த்துவிடலாம், கோபுரச் சீட்டைச் சூரியன் மறைந்த பிறகு வைத்துக்கொண்டால் போதும். வெளிச்சம் குறைவு என்று பலர் ஒதுக்கும் டிசம்பரையே இந்தக் காரணத்திற்காக நான் முதலில் பரிந்துரைப்பேன்.

கோபுரத்திற்குச் செல்லுமுன் ஒரு தேநீரும் சிற்றுண்டியும் முடித்துவிடுங்கள். 1962இல் திறக்கப்பட்ட ஸ்பேஸ் நீடிலின் உயரம் 605 அடி. பார்வையாளர் தளம் 520 அடியில் இருக்கிறது. எட்வர்ட் கார்ல்சன் என்னும் விடுதித் தொழில் நிர்வாகி, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் கோபுரத்தைக் கண்டுவந்த உற்சாகத்தில் வரைந்த கோட்டுச் சித்திரத்திலிருந்து இதன் எண்ணம் தொடங்கியது. நிலத்தடியில் 30 அடி ஆழத்திற்குப் போடப்பட்ட கான்கிரீட் அடித்தளம் மிகவும் கனமானது; அதனால் முழுக் கட்டுமானத்தின் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து ஏறக்குறைய 5 அடி உயரத்திலேயே இருக்கிறது. உயரத்திற்கு அஞ்சும் பெரியவர்களிடம் இதை முன்பே சொல்லிவிட்டால் மின்தூக்கியில் ஏறும்போது ஓரளவு தைரியம் வரும். மின்தூக்கியில் மேலே செல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது.

2018இல் முடிந்த புதுப்பிப்பில் பழைய கம்பித் தடுப்புகளை நீக்கிவிட்டு, வெளிப்புறம் சாய்ந்த கண்ணாடிச் சுவர்களையும் கண்ணாடி இருக்கைகளையும் அமைத்தார்கள். கீழ்த்தளத்தில் மெல்லச் சுழலும் கண்ணாடித் தரையும் வந்தது. அன்று முழுவதும் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வந்த நீங்கள் இப்போது கண்ணாடியின்மேலேயே நிற்கிறீர்கள். தலைசுற்றல் உள்ளவர்கள் சுழலும் தரையைத் தவிர்த்து மேல்தளத்திலேயே இருந்துவிடலாம், இழப்பு பெரிதல்ல. மேலே சென்றதும் முதலில் தென்கிழக்குப் பக்கம் பாருங்கள். வானம் தெளிந்திருந்தால் 4,392 மீட்டர் உயரமுள்ள ரெய்னியர் மலை பனிமுடியோடு தெரியும். "மலை வெளியே வந்திருக்கிறது" என்று இவ்வூர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் நாள் அதுதான். மறையும் சூரியனின் வெளிச்சத்தில் அந்தப் பனி இளஞ்சிவப்பாக மாறும்.

அதன் பிறகு மேற்கு விளிம்புக்கு வந்துவிடுங்கள். எதிரே பியூஜெட் சவுண்ட் கடற்கழியும் அதற்கப்பால் ஒலிம்பிக் மலைத்தொடரும், அதன் பின்னே சூரியனும் இருக்கும். சூரியன் மறைந்ததும் கூட்டத்தில் பாதி இறங்கத் தொடங்கிவிடும். நீங்கள் இறங்காமல் இன்னும் அரைமணி நேரம் அங்கேயே நில்லுங்கள். பிறகு கண்ணாடிச் சுவரை ஒட்டி நின்று நேர் கீழே பாருங்கள். இருட்டிவரும் தோட்டத்தின் நடுவே, பிற்பகலில் நீங்கள் அண்ணாந்து பார்த்த அந்தக் கண்ணாடி மாளிகை உள்விளக்குகள் எரிய, சிவப்பும் மஞ்சளுமாக ஒளிர்ந்துகொண்டிருக்கும்.